டயரா, டிரம்மா, உடைந்த டைலா? பழைய பொருளில் தோட்டம் செய்பவர்களுக்கு ஓர் அலசல்

பழைய பொருட்களை வைத்துத் தோட்டத்தை அழகாக்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. பெயின்ட் அடித்த டயர் அன்னம், கயிற்றில் வரிசையாகத் தொங்கும் தண்ணீர் பாட்டில், கியர் சக்கரத்தில் செய்த மயில் என்று படம் பார்த்ததுமே செய்யத் தோன்றுகிறது. செய்து முடித்த வாரத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு கோடையும் இரண்டு ஐப்பசி மழையும் போன பிறகு எது எப்படி இருக்கும் என்பதை வைத்தே இங்கே ஒன்றோடு ஒன்றை நிறுத்திப் பார்க்கிறேன். குப்பைக்குப் போகவிருந்த பொருளைக் காப்பாற்றி, ஒரே வருடத்தில் யாராலும் எதற்கும் பயன்படுத்த முடியாத குப்பையாகத் திருப்பி அனுப்பினால் என்ன லாபம்?

செடி வைக்க: டயரும் டிரம்மும்

டயருக்குப் பெரிய பலம், அது சும்மா கிடைப்பது. பஞ்சர் கடையில் கேட்டால் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். உடையாது, சுவர் ஓரத்தில் அடுக்கலாம், பெயின்ட் பிடிக்கும். ஆனாலும் காய்கறிச் செடிக்கு டயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பரைப் பதப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். அந்தத் துத்தநாகம் மண்ணுக்குள் மெல்லக் கசியும், மண் புளிப்பாக இருந்தால் இன்னும் சுலபமாகக் கசியும். கறுப்பு ரப்பர் சித்திரை வெயிலில் கொதிக்கும்போது விளிம்பை ஒட்டிய வேர்களும் வெந்துபோகும். இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை கொசு. டயரை நிமிர்த்தி வைத்தாலும் படுக்க வைத்தாலும் உள்மடிப்பில் தண்ணீர் தங்கிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த மடிப்பு ரொம்பப் பிடித்த இடம். அதன் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் கோடையில் காய்ந்து கிடந்த டயர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. மடிப்பு நெடுக ஒரு சாணுக்கு ஒரு ஓட்டை போட்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

அன்னம், கிளி என்று வெட்டி உருவம் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கார் ரேடியல் டயரின் ஓடும் பரப்புக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கும். கத்தியும் போகாது, வெட்டிய இடத்தில் கம்பி முள் நீட்டிக் குழந்தைகளின் கையைக் கிழிக்கும். கம்பி இல்லாத நைலான் டயராகக் கேட்டு வாங்குங்கள்.

நீல டிரம் சும்மா கிடைக்காது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் 200 லிட்டர் டிரம் ஒன்றை அறுத்தால் இரண்டு தொட்டி. சுமார் 90 செ.மீ. உயரமுள்ள டிரம்மைக் குறுக்கே அறுத்தால் 45 செ.மீ. ஆழம் கிடைக்கும். கறிவேப்பிலை, எலுமிச்சைக்கு அது போதும். நீளவாக்கில் அறுத்தால் ஆழம் குறைந்த அகலத் தொட்டி வரும், கீரைக்கு அதைவிடத் தோதானது வேறில்லை. தடித்த பிளாஸ்டிக் என்பதால் வெயிலைப் பல வருடம் தாங்கும். பிறகு உடைந்தாலும் பிளாஸ்டிக் எடுக்கும் கடையில் போட வழி இருக்கிறது.

டிரம்மில் கவனிக்க வேண்டியது அதன் முன்கதை. முன்பு என்ன இருந்தது என்று சீட்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். எண்ணெய், பழக்கூழ் போன்ற உணவுப் பொருள் வந்த டிரம் என்றால் நிம்மதி. மண்டை ஓடு குறியோ, மூக்கைத் துளைக்கும் வாசனையோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சீட்டு கிழிந்து, கடைக்காரருக்கும் தெரியவில்லை என்றால் பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடிக்காரர்கள் எடையையும் யோசிக்க வேண்டும். பாதி டிரம்மில் 80 லிட்டர் தோட்ட மண் போட்டு மழையில் நனைந்தால் 120 கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். அரை டிரம் நிற்கும் இடமோ கால் சதுர மீட்டர். அதனால் நடு மாடியில் நெருக்கி வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள். மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கூட்டினால் எடை கணிசமாக இறங்கும்.

அப்போ டயர் எதற்கும் ஆகாதா என்றால், வீட்டுக்குள் ஆகும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, மேலும் கீழும் வட்டப் பலகை திருகி, தேங்காய்க் கயிற்றைச் சுற்றி ஒட்டினால் அருமையான மோடா. வெயிலும் மழையும் படாத இடத்தில் டயரின் குறைகள் எதுவும் தலைகாட்டாது.

அலங்காரத்துக்கு: பாட்டிலும் உடைந்த டைலும்

தண்ணீர் பாட்டிலை அறுத்து, பெயின்ட் அடித்து, மண் நிரப்பிச் சுவரில் தொங்கவிடுவதைப் பள்ளிக்கூடங்களிலும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மெல்லிய பாட்டில் வெயிலில் நொறுங்கும் பதத்துக்கு வந்து, சில்லுச் சில்லாக மண்ணில் உதிரும். ஒரு லிட்டர் மண் சென்னை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், செடி எப்போதும் தாகத்திலேயே நிற்கும். மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். நசுக்காத, சுத்தமான பெட் பாட்டிலுக்குக் காயலாங்கடையில் மதிப்பு உண்டு. அது பாலியஸ்டர் நூலாகவும் வேறு பொருளாகவும் மறுபிறவி எடுக்கும். பெயின்ட்டும் மண்ணும் ஒட்டிய பாட்டிலை அப்புறம் யார் வாங்குவார்கள்? பாட்டிலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அதைக் கழுவிக் கடையில் போடுவது.

உடைந்த டைல் விஷயம் வேறு. அதை வாங்க ஆள் கிடையாது. வீடு கட்டும் இடத்தில், டைல்ஸ் கடைப் பின்புறத்தில், குளியலறை மாற்றிய வீட்டு வாசலில் மூட்டையாகக் கிடக்கும். வெயில், மழை, பாசி எதற்கும் அசையாது. நாட்டிலேயே பெயர் பெற்ற சாட்சி சண்டிகரின் ராக் கார்டன். சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், 1950களின் கடைசியில் அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் அதைத் தொடங்கினார். நகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் மிச்சம், உடைந்த பீங்கான், வளையல் துண்டு, கழிவறைப் பீங்கான் என்று சைக்கிளில் கொண்டுவந்து சேர்த்துச் சிமென்டில் பதித்தார். அதிகாரிகள் கண்ணில் பட்டபோது இடிக்கும் பேச்சும் வந்தது. நல்லவேளையாக 1976ல் பொதுமக்களுக்கே திறந்துவிட்டார்கள். அவருக்கு 1984ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2015ல் காலமானார். அவர் பதித்த வளையல் துண்டுகளின் நிறத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். அகமதாபாத்தில் கட்டிடக் கலைஞர் பி.வி. தோஷியும் ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் 1990களில் உருவாக்கிய ‘குஃபா’ என்ற ஓவியக் கூடத்தின் குமிழ்க் கூரைகளுக்கும் உடைந்த பீங்கான் துண்டுதான் மேல்தோல். அந்த ஊர் வெயிலைத் திருப்பி அனுப்புவதும் அதுதான்.

வீட்டில் செய்ய எதில் தொடங்கலாம்? என் தேர்வு துவைக்கிற கல். வாஷிங் மெஷின் வந்தபின் எத்தனையோ வீடுகளில் அது கொல்லைப்புறத்தில் சும்மா நிற்கிறது. அதன் மேல் டைல் துண்டு பதித்தால் செடிகளுக்கு நடுவே உட்கார ஒரு திண்டு ஆகிவிடும்.

டைலிலும் இரண்டு வகை இருக்கிறது. சுவருக்குப் போடும் பீங்கான் டைல் மென்மையானது, தண்ணீரை உறிஞ்சும், சொன்ன இடத்தில் உடையும். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல் ரொம்பக் கெட்டி, தண்ணீரே உறிஞ்சாது, விளிம்பு பிளேடு போல இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் சுவர் டைலையே எடுங்கள். தண்ணீரில் ஊறவைத்துச் சிமென்ட் பாலில் பதித்தாலே பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு என்றால் வெறும் சிமென்ட் நாளாக ஆகக் கழன்றுவிடும், டைல் ஒட்டும் பசை மாவு வாங்கியாக வேண்டும்.

சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். உட்காரும் இடத்துக்குப் போகும் துண்டுகளின் விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்துவிடுங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. விட்டுப் பதித்து, மறுநாள் இடைவெளியைச் சிமென்ட் பூச்சால் அடைத்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அதன்பின் ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்துவர வேண்டும். பெரும்பாலோர் அவசரப்பட்டு விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். காய்ந்துபோன சிமென்டிலிருந்து டைல் உதிர்வதற்குக் காரணமும் அதுதான்.

உடைந்த ஆத்தங்குடிக் கல் கிடைத்தால் அதை வெளியே வைக்க வேண்டாம். அது சிமென்டில் கையால் செய்தது, மேலே பீங்கான் பூச்சு கிடையாது. காலடி பட்டுப் பட்டுத்தான் அதற்குப் பளபளப்பு ஏறும். பூஜையறைப் பலகைக்கோ, டீபாயின் மேற்பரப்புக்கோ பதியுங்கள்.

இரும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் புதுப்பேட்டையில் செயின், பேரிங், ஸ்பிராக்கெட் எல்லாம் எடைக்குக் கிடைக்கும். டெல்லியில் 2019ல் திறந்த பூங்கா ஒன்றில் ஏழு உலக அதிசயங்களையும் சுமார் 150 டன் பழைய இரும்பிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். உருவம் என்று வந்தால் இரும்பின் கம்பீரம் டைலுக்கு வராது. ஆனால் வெல்டர் கூலி இரும்பு விலையைத் தாண்டும். கடற்காற்று படும் ஊரில் துரு ஓயாது. கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூசி, துரு எட்டிப் பார்க்கும் இடத்தில் அவ்வப்போது மறுபடி அடிக்கத் தயாராக இருப்பவர்களுக்கே அது. கோவை, திருச்சி போல உள்ளடங்கிய ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை கொஞ்சம் குறைவு.

மர வேலைக்கு: பழைய கதவும் பழைய ஜன்னலும்

கதவு என்றதும் எல்லாரும் காரைக்குடி என்பார்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பர்மா தேக்கும் செதுக்கு வேலையும் பார்க்கக் கண் கோடி வேண்டும். அங்கே வாங்குவதாக இருந்தால் கதவைக் கதவாகவே வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பங்காளிகள் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு செட்டிநாட்டு வீடாக இடிபட்டு அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்த மரம் அது. அதை அறுத்து டைனிங் டேபிள் ஆக்குவது மறுபயன்பாடு ஆகாது, இரண்டாவது இடிப்பு.

மேஜை வேண்டும் என்றால் இடித்த சாதாரண வீடுகளின் கதவு, நிலை விற்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. தேக்கும் கிடைக்கும், பலாவும் கிடைக்கும். வாங்குமுன் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, கீழே மாவு மாதிரி தூள் கொட்டினாலோ உளுத்தது என்று அர்த்தம். காந்தத்தை மேலே ஓட்டினால் புதைந்த ஆணி தெரிந்துவிடும், ஆசாரியின் இழைப்புளி தப்பும். பலகை வைத்த கதவில் பள்ளம் இருக்கும் என்பதால் மேலே கண்ணாடி போட வேண்டிவரும். அந்தச் செலவு பல நேரம் கதவின் விலையையே எட்டிப்பிடிக்கும்.

பழைய பெயின்ட்டை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவில் ஈயம் இருக்கும் என்று நினைத்தே வேலை செய்வது நல்லது. உப்புத்தாளை வைத்து உலர்வாகத் தேய்த்தால் தூள் பறந்து மூச்சில் போகும், தரையில் தவழும் குழந்தையின் வாய்க்கும் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பெயின்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பெயின்ட் அடித்துவிடலாம்.

இத்தனையும் யோசித்தால், தோட்டக்காரருக்குக் கதவைவிட ஜன்னல்தான் என் தேர்வு. கம்பி போட்ட பழைய ஜன்னல் சட்டத்தைக் கேட்பார் குறைவு, அதனால் விலையும் இறங்கி வரும். வழவழப்பாக்க வேண்டாம், கண்ணாடி வேண்டாம். பெயின்ட் உரிந்திருந்தால் மட்டும் ஈரத் தேய்ப்பும் ஒரு பூச்சும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிக் கொக்கியில் மாட்டினால் காற்று போகும், மரம் ஈரத்தில் ஊறாது. கீழ்ச்சட்டம் மண்ணில் படாமல் செங்கல் மேல் நிற்கட்டும், இல்லாவிட்டால் கரையான் ஏறிவிடும். கம்பிகளில் அவரையும் பாகலும் தானாகப் பற்றி ஏறும். ஆடிப்பட்டத்துக்கு விதை ஊன்றுவதாக இருந்தால் ஆனி கடைசிக்குள் ஜன்னலை மாட்டி முடித்துவிடுங்கள். கொடி வளர்ந்த பிறகு கொக்கி அடிக்கப் போனால் இளங்கொடி ஒடியும்.