சுவரில் கிடந்த டெலிபோன் வயரில் மாடிக்கு இன்டர்நெட்: சில வருட அனுபவம்

செப்புக் கம்பி லைனை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறிய வீடுகளில் பழைய டெலிபோன் வயர் இன்னும் சுவரோடு சுவராகத்தான் இருக்கிறது. பெயின்ட் அடிக்க வருகிறவர் முதலில் கேட்பதே, "இதைப் பிடுங்கிப் போட்டுரலாமா சார்?" என்பதுதான். தயவுசெய்து பிடுங்க விடாதீர்கள். எங்கள் வீட்டு மாடி அறைக்குச் சில வருடங்களாக இன்டர்நெட் போவது அந்த வயரில்தான். என் வேலை, மகளின் ஆன்லைன் வகுப்பு, ராத்திரி கிரிக்கெட் எல்லாமே அதன் வழியாகத்தான்.

கும்பகோணத்துப் பழைய தெரு வீடு எங்களுடையது. அகலம் கம்மி, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். ஃபைபர் வந்து இறங்கியிருப்பது வாசல் பக்கம் ரேழியில். நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது இரண்டாம் கட்டுக்கு மேலே பிற்பாடு கட்டிய மாடி அறையில். நடுவே சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்கள், அதற்குமேல் ஒரு கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை முற்றத்தைத் தாண்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்களெல்லாம் அதே அலைவரிசையில் இருப்பதால் வீடியோ காலில் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். ரிப்பீட்டர் வைத்துப் பார்த்தேன். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மெஷ் ரூட்டர் வாங்கினாலும், அதன் இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டியது அதே சுவர்களைத் தாண்டித்தான்.

புது கேபிள் இழுக்கலாமே என்று கேட்பீர்கள். முற்றத்துத் தூண்களையும் உத்திரங்களையும் துளைக்க வீட்டில் யாருக்கும் மனசில்லை. ஆனால் ரேழியிலிருந்து மாடி வரைக்கும் ஏற்கெனவே ஒரு வயர் இருந்தது. தொண்ணூறுகளில் அப்பா கூடத்து ஃபோனுக்கு இரண்டு பேரலல் கனெக்‌ஷன் போட்டிருந்தார், இரண்டாம் கட்டில் ஒன்று, மாடியில் ஒன்று. வயர்மேன் அப்போது போட்டது இரண்டு ஜோடி உள்ள வயர். அதில் ஒரு ஜோடிதான் ஃபோனுக்கு வேலை செய்தது, இன்னொன்று சும்மாவே கிடந்தது.

இந்த வயரால் இதெல்லாம் முடியும் என்று எனக்கு முதலில் காட்டியது டெலிபோன் லைனிலேயே இன்டர்நெட் வந்த ஏடிஎஸ்எல் காலம். 2004-ல் வந்த பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் வேகத்தையே பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தது. ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சும் டேட்டாவும் சேர்ந்து வரும். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், ஏடிஎஸ்எல் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், அதன் பிந்தைய பதிப்பான ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 வரை. இரண்டையும் பிரிக்கத்தான் அந்தச் சின்ன ஸ்ப்ளிட்டர். அதற்கு மேலேயும் அந்தக் கம்பியில் காலி இடம் நிறைய உண்டு. அந்த இடத்தைப் பயன்படுத்தி வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர்களை இணைக்க அமெரிக்காவில் 1998-லேயே ஹோம்பிஎன்ஏ என்ற கூட்டமைப்பு கிளம்பிவிட்டது. முதல் பதிப்பு 1 எம்பிபிஎஸ், அடுத்தது 10. அந்த 10 எம்பிபிஎஸ் பதிப்பு 4 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடியதால் ஃபோன், டிஎஸ்எல், வீட்டு நெட்வொர்க் மூன்றும் ஒரே ஜோடியில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் போயின. வைஃபை மலிவானதும் அது ஒதுங்கிப்போனது. இங்கே கடைகளில் அந்தச் சாமான்களை நான் பார்த்ததே இல்லை.

சரி, எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறேன். இதில் பெட்டி வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை வயரைச் சுத்தம் செய்வது. எங்கள் தெருவில் டெலிபோன் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவரே வந்து பார்த்தார். "தம்பி, வெளியிலேருந்து வர்ற வயரை மொதல்ல கழட்டி விடுங்க. அப்புறம் நடுவுல இருக்கற கிளையெல்லாம் வெட்டுங்க. இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு ஒரே கோடா போகணும்." இந்த முழு விஷயத்துக்கும் இதைவிட நல்ல யோசனை வேறு கிடையாது.

வெளி வயரைக் கழற்றச் சொன்னது சம்பிரதாயத்துக்கு இல்லை. உயிரோடு இருக்கும் டெலிபோன் லைனில் 48 வோல்ட் நேர்மின்னோட்டம் நிற்கும். மணி அடிக்கும்போது அதைவிட அதிகமான மாறுமின்னோட்டம் வரும். நெட்வொர்க் பெட்டிக்குள் அது போகக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கினால் வெளிக் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் பாயும், ஏடிஎஸ்எல் மோடம்கள் அப்படிப் போனதை எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிளைகளை வெட்டச் சொன்னதற்கு வேறு காரணம். பேரலல் ஃபோனுக்காகப் பிரியும் வயரின் முனை சும்மா தொங்கினால், சிக்னல் அதுவரை போய் மோதித் திரும்பி வந்து நல்ல சிக்னலையும் கெடுக்கும். ஃபோன் பேச்சுக்கு அது தெரியவே தெரியாது. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போனால் நன்றாகவே தெரியும். இரண்டாம் கட்டுக்குப் பிரிந்த கிளையை ரொசெட் பாக்ஸில் (சுவரில் டெலிபோன் வயரை இணைக்கும் சின்னப் பெட்டி) கழற்றியதற்கு முன்னும் பின்னும் எடுத்த வேக அளவில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது.

அடுத்தது, வயர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையில் ஜோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் ஓம் அளவைப் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்குப் போய்வர ஒரு மீட்டருக்குச் சுமார் 0.175 ஓம் வரும். 30 மீட்டர் வயர் என்றால் 5 ஓமை ஒட்டி இருக்க வேண்டும். 15, 20 என்று காட்டினாலோ, வயரை ஆட்டும்போது எண் குதித்தாலோ, வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு அப்படித்தான் காட்டியது. முற்றத்து ஓரம் இருந்த ஒரு பெட்டியைத் திறந்தால், கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு பச்சை பூத்துக் கிடந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டதும் அளவு சரியாகிவிட்டது. ஓரிரண்டு ரூபாய்ச் சாமான் அது. மற்ற எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து, திருகாணிகளைச் சுரண்டி இறுக்கினேன்.

முதலில் வாங்கியது விடிஎஸ்எல்2 ஈதர்நெட் எக்ஸ்டெண்டர் ஜோடி, அதாவது ரூட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் சிக்னலை டெலிபோன் கம்பியில் ஏற்றி மறுமுனையில் இறக்கித் தரும் இரண்டு பெட்டிகள். ஒரு பெட்டியின் பக்கவாட்டில் உள்ள ஸ்விட்சை எக்ஸ்சேஞ்ச் பக்கமாகவும், இன்னொன்றை வீட்டுப் பக்கமாகவும் வைக்க வேண்டும். அவ்வளவுதான், ரூட்டரிலோ கம்ப்யூட்டரிலோ எதையும் மாற்ற வேண்டியதில்லை. டவுன்லோடு 90-ஐத் தாண்டி நின்றது. அதன் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. அப்லோடு அதில் பாதிக்குச் சற்று மேல். பிங் சில மில்லிசெகண்ட் கூடியது. எனக்கு அது பொருட்டாக இல்லை. காலையில் வரும் அதே வேகம் ராத்திரியிலும் வந்தது. வீடியோ கால் அறுந்துபோவது அதோடு நின்றது. வைஃபையில் என்றைக்காவது 150 காட்டுவதைவிட, எந்நேரமும் 90 கிடைப்பதுதான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவனுக்கு வேண்டும். மாடியில் ஒரு பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றி இதன் முனையில் செருகியதில், அங்கே எல்லோருடைய மொபைலுக்கும் நல்ல வைஃபை கிடைத்துவிட்டது.

அதில் எரிச்சல் தந்தது ஒன்றே ஒன்றுதான். கரன்ட் போய் வந்தால் இரண்டு பெட்டியும் கைகுலுக்கி இணைப்புக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். எங்கள் ஊரில் கரன்ட் நொடிப்பொழுது விட்டுவிட்டு வருவது சகஜம், ஒவ்வொரு முறையும் மீட்டிங்கிலிருந்து வெளியேறி உள்ளே வர வேண்டியிருந்தது. ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் இரண்டு பக்கமும் வைத்தேன், தீர்ந்தது. இதைச் செய்ய நினைக்கிறவர்கள் அந்த யுபிஎஸ் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பிளானை 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றிய பிறகு, அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும் ஜி.ஹெச்.என் அடாப்டர் ஜோடிக்குப் போனேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2010-ல் ஏற்றுக்கொண்ட தரம் இது. டெலிபோன் வயர், கோஆக்சியல் கேபிள், மின்சார வயர் மூன்றுக்கும் ஒரே தரம். பழைய ஹோம்பிஎன்ஏ கூட்டமைப்பும் 2013-ல் இதை வளர்க்கும் ஹோம்கிரிட் ஃபோரத்தோடு சேர்ந்துவிட்டது. 200 பிளான் மாடியில் முழுசாக வருகிறது. அடாப்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இணைப்பு வேகம் அதைவிடப் பல மடங்கு காட்டுகிறது, ஆக இன்னும் பெரிய பிளானுக்கும் தாங்கும். கரன்ட் போய் வந்தாலும் சில நொடிகளில் இணைந்துவிடுகிறது. சூடாகும், அது உண்மை. சித்திரை வெயிலில் கை வைத்தால் சுடும், அதனால் அலமாரிக்குள் வைக்காமல் சுவரில் காற்றுப் படும்படி மாட்டியிருக்கிறேன். ஒரு முறை வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ஒரு பெட்டியின் பவர் அடாப்டர் மட்டும் போனது. அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறொன்றைக் கடையில் வாங்கிப் போட்டதும் ஓடியது.

மழைக்காலம்தான் உண்மையான பரீட்சை. மாடிக்கு ஏறும் வழியில் வெளிச்சுவரில் இருந்த ஒரு ரொசெட் பாக்ஸில் ஈரம் இறங்கி, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க இணைப்பு வேகம் குறைந்தே இருந்தது. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு இணைப்பை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. பெட்டிகளை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். எறும்பும் பல்லி முட்டையும் கட்டாயம் இருக்கும்.

அப்புறம் ரேடியோ. அப்பா இன்னும் சிற்றலை கேட்பவர். பெட்டியைச் சுவரோடு இணைக்கும் தட்டையான டெலிபோன் கார்டு முறுக்கில்லாதது, அது சிக்னலை வெளியே கசியவிட்டு ரேடியோவில் இரைச்சலாகக் கேட்டது. அந்தக் கார்டுக்குப் பதில் ஒரு முழம் கேட்-5 கேபிளின் ஒரு ஜோடியை ஆர்ஜே-11 என்ற ஃபோன் பின்னில் அடித்துப் போட்டேன், இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது.

இன்டர்நெட் நீல ஜோடியில் போகிறது. ஆரஞ்சு ஜோடியை ஃபைபர் பெட்டியின் ஃபோன் போர்ட்டில் செருகி, கூடத்திலும் மாடியிலும் பழைய ஃபோன்களை அப்படியே வைத்திருக்கிறோம். ஃபோன் மணி அடிக்கும்போது இன்டர்நெட் அறுகிறதா என்று ஆரம்பத்தில் உன்னிப்பாகக் கவனித்தேன். ஒன்றும் ஆவதில்லை. அப்பா தன் நம்பரையும் விடவில்லை, ஃபோனையும் விடவில்லை.

மின்சார வயரில் போகும் பவர்லைன் அடாப்டரோடு ஒப்பிடச் சொல்லிக் கேட்கிறார்கள். நண்பரிடம் வாங்கி எங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் கனெக்‌ஷன். ரேழி ஒரு ஃபேஸ், மாடி இன்னொன்று என்பதால் வேகம் பாதிக்கும் கீழே போனது. தண்ணீர் மோட்டார் ஓடினால் இன்னும் இறங்கும், இன்வர்ட்டருக்கு மாறினால் அறவே நின்றுவிடும். ஒரே ஃபேஸ் உள்ள சின்ன வீட்டில் நன்றாக வேலை செய்யலாம். எங்களைப் போன்ற வீட்டுக்கு டெலிபோன் வயர்தான்.

பெட்டியே வாங்காமல் ஒரு வழியும் இருக்கிறது. 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் 10பேஸ்-டி என்ற வகையை வடிவமைத்ததே டெலிபோன் தரத்து வயருக்காகத்தான். இரண்டு ஜோடியும் காலியாக இருந்தால் இரு முனையிலும் ஆர்ஜே-45 என்ற நெட்வொர்க் பின் அடித்து நேராகச் செருகலாம், 100 மீட்டர் வரை போகும். ஒரு சிசிடிவி கேமராவுக்கோ பிரிண்டருக்கோ அது தாராளம். ஆனால் கருவிகள் தாங்களாக 100-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தடுமாறும். வயரின் தரம் அவற்றுக்குத் தெரியாது, எதிர் முனையின் திறனை மட்டும்தான் பார்க்கும். செட்டிங்கில் 10 என்று கட்டாயப்படுத்தி வைக்க வேண்டும்.

செப்பு லைனில் டிஎஸ்எல் இன்னும் ஓடுகிற வீடு என்றால் அதே ஜோடியில் விடிஎஸ்எல் எக்ஸ்டெண்டரைப் போடாதீர்கள், இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் வயர் கீழே பொதுப் பெட்டிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால் உங்கள் வாசலிலேயே துண்டித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். வயர் குழாய்க்குள் தளர்வாக ஓடுகிறது என்றால் இந்தப் பெட்டிகள் எதுவும் வேண்டாம். அதன் முனையில் கேட்-6 கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுத்துவிடுங்கள், அதைவிட நல்லது எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் வயரை ஆணி கிளிப் போட்டுச் சுவரில் அறைந்து, அதன்மேல் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், இழுக்க வழியே இல்லை. பெட்டி வாங்கும்போது திருப்பிக் கொடுக்க அவகாசம் உள்ள இடமாகப் பார்த்து வாங்குங்கள். வந்த அன்றைக்கு இரண்டு பெட்டியையும் மேஜையில் பக்கத்தில் வைத்துச் சின்ன வயரில் இணைத்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவர் வயரில் போட்டு அதே அளவை எடுத்தால், குறை பெட்டியிலா வயரிலா என்பது உடனே தெரிந்துவிடும்.