ஃபீஸ் கட்டுறதா, மெஷின் வாங்கிக் குடுக்குறதா?

பெரியவங்க தொழில் கத்துக்க உதவணும்னு நெனைக்கிறவங்க ஒரு ஆளுக்கு ஃபீஸ் கட்டுறதா, இல்ல தொழில் சொல்லித்தர்ற சென்டருக்கு மெஷின் வாங்கிக் குடுக்குறதான்னு கொழம்புறாங்க, நான் பாத்ததை சொல்றேன்.

செலவு
ஃபீஸ்: ஆளுக்கு இவ்ளோன்னு கணக்கு தெளிவு.
மெஷின்: மொதல்லயே மொத்தமா போடணும், அதோடயும் முடியாது, வெல்டிங்னா ராடு, பழகுறதுக்கு இரும்புத் தகடுன்னு மாசாமாசம் தீரும். ஒரு சென்டர்ல புது மெஷின் ப்ளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம நின்னுச்சு, ராடு வாங்க காசில்லையாம், மனசே கஷ்டமாயிடுச்சு.

எவ்ளோ நாளைக்கு
ஃபீஸ்: ஒரு ஆளோட சரி.
மெஷின்: பேட்ச் பேட்ச்சா பல வருஷம் ஒழைக்கும்.

பாதில நிக்காம முடிப்பாங்களா
இதுதான் எனக்கு பெரிய விஷயம். குடும்பஸ்தங்க க்ளாஸுக்கு வந்தா அன்னிக்கு கூலி போச்சு, பஸ் காசு வேற, கொழந்தைய யார்கிட்ட விடுறது, இதுக்கெல்லாம் மெஷின் பதில் சொல்லாது, வெறும் ஃபீஸும் சொல்லாது, அதனால ஃபீஸோட மாசாமாசம் கைச்செலவுக்கும் சேத்துக் குடுங்க.

தெரிஞ்ச ஒருத்தர் படிக்கணும், கையில சின்ன தொகைதான்னா ஃபீஸ் பக்கம் போங்க. நல்ல வாத்தியார் இருந்தும் ஒரே மெஷினுக்கு பத்து பேர் வரிசைல நிக்கிற சென்டர்னா மெஷின் குடுங்க, ஒரு வருஷ ராடுக்கும் ரிப்பேருக்கும் தனியா எடுத்து வெச்சிட்டு.