பழைய சைக்கிளின் பின் ஹப்: கோன் மாற்றுவதா, அச்சு செட்டா, பழைய ஹப்பா, புது வீலா?

28 இஞ்ச் வீல் போட்ட பழைய ராலி, ஹெர்குலிஸ், ஹீரோ, அட்லஸ் சைக்கிள்களில் பின் சக்கரம் ஆட ஆரம்பித்ததும், "ஹப் போச்சு, வீலையே மாத்திடலாம்" என்ற பதில்தான் முதலில் வரும். பெரும்பாலும் அது வீண்செலவு. ஹப் என்பது சக்கரத்தின் நடு உருளை. அதற்குள் தேய்கிறவை மூன்றே பொருள்கள்: கோன் (அச்சில் திருகும் கூம்பு), பால்ரஸ் (எஃகுக் குண்டுகள்), கப் (குண்டுகள் ஓடும் கிண்ணம்). முதல் இரண்டும் ஊர் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். கப் மட்டும் ஹப்புக்குள் அழுத்தி இறக்கியது. தனியாகக் கிடைப்பது அரிது. எனவே எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன் கப்பைப் பாருங்கள்.

வீலைக் கழற்றி, கீழே துணி விரித்து அச்சை உருவுங்கள். பால்ரஸ் சிதறி ஓடும், எண்ணி வையுங்கள். கப்பைப் பெட்ரோலில் துடைத்துவிட்டு, பால்ரஸ் ஓடிய தடத்தில் ஒரு பால்பாயின்ட் பேனாவின் முனையை வைத்து மெல்ல ஒரு சுற்று இழுங்கள். வழவழவென்று போனால் கப் நன்றாக இருக்கிறது. பளபளப்பான கோடு மட்டும் தெரிந்தால் அது சாதாரணத் தேய்மானம், பயமில்லை. முனை எங்காவது 'டக்'கென்று தட்டி நின்றால் அங்கே எஃகின் மேல்தோல் பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது. இதே சோதனையைக் கோனுக்கும் செய்யுங்கள். அச்சை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் அச்சு வளைந்திருக்கிறது.

கப் நன்றாக இருந்து கோனில் மட்டும் குழி என்றால் இரண்டு வழி உண்டு: கோனும் பால்ரஸும் மட்டும் வாங்குவது, அல்லது அச்சு, கோன், நட்டு, வாஷர் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குவது.

கோன் மட்டும் வாங்குவது மலிவு. ஆனால் பழைய கோனைக் கையோடு கொண்டு போகாமல் வாங்கினால் ஏமாற்றம்தான். மரை பொருந்தினால் மட்டும் போதாது. பால்ரஸ் உட்காரும் வளைவும் கோனின் உயரமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். வளைவு மாறினால் பால்ரஸ் கப்பின் விளிம்பில் ஏறி ஓடும். நன்றாக இருந்த கப்பும் சில மாதத்தில் கெட்டுவிடும். பால்ரஸ் பின் ஹப்புக்குக் கால் இஞ்ச் அளவு, பக்கத்துக்கு 9, மொத்தம் 18. முன் ஹப்புக்குப் போடும் 3/16 இஞ்ச் பால்ரஸைக் கடையில் தவறிக் கொடுத்துவிடுவதுண்டு, கவனியுங்கள். கோன் மாற்றும்போது 18ஐயும் மாற்றுங்கள். பழையதோடு புதிது நாலைந்து கலந்தால், தேயாத புதியவையே முழுப் பாரத்தையும் தாங்கும்; கோனில் மறுபடி குழி விழும். 9 போட்டபின் கொஞ்சம் இடம் மிஞ்சும். அது இருக்க வேண்டிய இடம்தான், பத்தாவதைத் திணிக்க வேண்டாம்.

செட்டாக வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகும். ஆனாலும் பின் கேரியரில் பால்கேனோ மூட்டையோ ஏற்றும் சைக்கிள் என்றால் செட்டே சரி. ப்ரீவீல் (செயின் ஓடும் பின் பல்சக்கரம்) வெளிப்பக்கம் இருப்பதால் வலப்பக்கப் பால்ரஸ் உள்ளே தள்ளி உட்காருகிறது. அங்கிருந்து அச்சைத் தாங்கும் போர்க் வரை அச்சுக்கு முட்டு இல்லை. பாரம் ஏறும்போது அச்சு வளைவதும் ஒடிவதும் வலது கோனை ஒட்டித்தான். வளைந்த அச்சில் புதுக் கோன் போட்டால் அரைச் சுற்றுக்கு இறுக்கம், அரைச் சுற்றுக்கு ஆட்டம் என்று இருக்கும். எப்படித் திருகினாலும் சரியாகாது.

செட் வாங்கும்போது ஏமாற்றுவது மரைதான். பிரிட்டிஷ் வழியில் வந்த நம் ரோட்ஸ்டர்களின் பின் அச்சு 3/8 இஞ்ச் கனம், இஞ்சுக்கு 26 மரை. இன்றைய கியர் சைக்கிள்களில் 10 மில்லிமீட்டர் கனமும் 1 மில்லிமீட்டர் மரையும் சகஜம். 26 மரைக்கு இடைவெளி 0.977 மில்லிமீட்டர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அளவு மாறிய நட்டு சரியாகப் பொருந்தாது. ஸ்பேனர் போட்டு வலுவில் ஏற்றினால் மரை போய்விடும். நட்டு அச்சின் முழு நீளத்துக்கும் விரலாலேயே ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் வாங்காதீர்கள்.

கப்பிலேயே குழி என்றால் மேலே சொன்ன இரண்டும் பயன்படாது. அப்போது காயலான் கடையில் கிடைக்கும் பழைய ஹப்பையும் புது ஹப்பையும் ஒப்பிட வேண்டும். கப் நன்றாக இருக்கும் பழைய ஹப் கிடைத்தால் எங்கள் ஓட்டு அதற்குத்தான். அதே 40 ஓட்டை, அதே விளிம்பு (கம்பி மாட்டும் தட்டு) அளவு, அதே அகலம் அமையும். போக்ஸ் கம்பியின் நீளம் மாறாது. வாங்கும்முன் ஓட்டைகளுக்கு நடுவே முடி போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரீவீல் மாட்டும் மரையில் ஒரு ப்ரீவீலைக் கையால் மூன்று சுற்று ஏற்றிப் பாருங்கள். கம்பி கட்டும்போது, பழைய கம்பிகள் விளிம்பில் பதித்த தடம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே பக்கமாகவே கட்டச் சொல்லுங்கள். மாற்றிக் கட்டினால் ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டாவது தடம் விழும். விளிம்பு அங்கேதான் கிழியும்.

புது ஹப்பில் கப் புதிதாக வரும். ஆனால் 36 ஓட்டை ஹப்பை 40 ஓட்டை ரிம்மில் கட்ட முடியாது. விளிம்பு பெரிதாக இருந்தால் பழைய கம்பி நீண்டு, ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் நிப்பிளுக்கு மேலே எட்டிப் பார்த்து டியூபைக் குத்தும். கியர் சைக்கிள் ஹப்பின் அகலம் 130, 135 மில்லிமீட்டர் என்று போகும். ரோட்ஸ்டரின் பின்போர்க் இடைவெளி சுமார் 110தான். போர்க்கை விரித்து நுழைப்பது வேண்டாம்.

எந்த ஹப்பை மாற்றினாலும் ஒன்றை மறக்காதீர்கள்: ப்ரீவீலைக் கழற்றிய பிறகே கம்பிகளை வெட்ட வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும் மரை அது. ப்ரீவீலின் உட்பாகத்தில் ரிமூவரை (கழற்றும் கருவி) மாட்டி, அந்த ரிமூவரை வைஸில் பிடித்து, மேலிருந்து பார்க்க முழு வீலையும் இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் விடும். கம்பியை வெட்டிவிட்டால் வெறும் ஹப்பைப் பிடித்துத் திருப்ப வழியில்லை. ப்ரீவீலையே பிரிக்க வேண்டி வந்தால் அதன் மூடி இடது மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். உள்ளே இருப்பவை 1/8 இஞ்ச் பால்ரஸ்.

ரெடிமேட் வீல் வாங்குவது, ரிம்மும் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் மட்டும் லாபம். வாங்கியபின் கோட்டம் எடுத்து, கோனைத் திறந்து கிரீஸ் வைத்து மூடுங்கள்.

ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருக்கும் ராலி என்றால் கணக்கு வேறு. அதன் அச்சு 13/32 இஞ்ச். சாதா 3/8 நட்டு அதற்குச் சேராது. 1936இல் வந்த ஏ.டபிள்யூ. மாடலின் உள்சாமான்கள் பல ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறவில்லை. ஆகவே ஓடாத இன்னொரு ஏ.டபிள்யூ. ஹப்பை முழுசாக வாங்கி, அதிலிருந்து சாமான் எடுப்பதே நல்ல வழி. உங்கள் ஹப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியில் கோனை விரலால் இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, கோன் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள். வீலைத் தூக்கி, டியூப் வால்வு பக்கவாட்டில் நிற்கும்படி விடுங்கள். தள்ளாமலே வால்வு மெதுவாகக் கீழே இறங்கி, ஊசலாடி நிற்க வேண்டும். பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம்.