தேராவில் ஷீஷா கரி வாங்குபவர்கள் கவனத்துக்கு

துபாய் தேராவில் ஒரு ஷீஷா (தண்ணீர்க் குடுவை வழியாகப் புகை இழுக்கும் ஹூக்கா) சாமான் கடையில், பெட்டி மேல் 'நூறு சதவீதம் தேங்காய்க் கரி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நம்பி ஒரு கிலோ வாங்கினேன். உள்ளே இருந்தது அது இல்லை. கடைப் பெயரைப் போட்டால் இந்த ஊர்ச் சட்டத்தில் நம் மேலேயே கேஸ் வரும், அதனால் சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நல்ல கரியை மின்சாரக் காயில் அடுப்பில் வைத்தால் அது அவசரப்படாது. அடிப்பக்கம் முதலில் சிவக்கும், புரட்டிப் போட வேண்டும், எல்லாப் பக்கமும் சிவந்து மேலே வெளிர்சாம்பல் பூக்கப் பத்து நிமிடம் போல ஆகும், வாடை என்று பெரிதாக எதுவும் இருக்காது. இதுவோ வைத்த கொஞ்ச நேரத்திலேயே சரசரவென்று பொறி விட ஆரம்பித்து, தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு மாதிரி வெடிமருந்து நாற்றம். சீக்கிரம் பற்றுவதற்குப் பொட்டாசியம் நைட்ரேட் கலக்கும் கரி இப்படித்தான் செய்யும். அந்த வகையை வட்ட வில்லையாக, லைட்டரிலேயே பற்றும் என்று சொல்லியே விற்கிறார்கள், வேண்டியவர்கள் தெரிந்து வாங்குகிறார்கள், சரி. அதையே சதுரக் கட்டியாக்கித் தேங்காய்க் கரி விலைக்குத் தலையில் கட்டுவதுதான் களவு.

திருப்பிக் கொடுக்கப் போனால் கவுண்டரில் இருந்த தம்பி, நம்ம ஊர்க்காரர்தான், "அண்ணே, கரியில ஒண்ணும் இல்லண்ணே, உங்களுக்குச் சூடு செட் பண்ணத் தெரியல, மூணுக்குப் பதிலா ரெண்டு வைங்க, ஓரமா வைங்க" என்று எனக்கே பாடம் எடுக்கிறார். ஓரமாக வைத்து, அவ்வப்போது இடம் மாற்றி, சாம்பலைத் தட்டி, தொண்டை கரகரத்தால் ஒரு கட்டியை எடுத்துவிட்டு நாலு இழுப்பு விட்டுப் பார்ப்பதெல்லாம் நானும் செய்கிறவன்தான். கரி ஒரே சீராகச் சூடு கொடுத்தால்தான் அதெல்லாம் பலிக்கும். புகையிலை கருகாமல் அதிலுள்ள பாகும் கிளிசரினும் மட்டும் மெதுவாக ஆவியாகும். இந்தக் கரி முதலில் கொதிக்கிறது, புகையிலைக் கிண்ணத்தை மூடிய அலுமினிய ஃபாயிலுக்குக் கீழே புகையிலை கருகிக் கசக்கிறது, அப்புறம் திடீரென்று படுத்துவிடுகிறது, புதுக் கட்டி வைத்தால் மறுபடி அந்த நாற்றம். இடுக்கியில் பிடித்தாலே இரண்டாக உடைந்து, பழுப்புச் சாம்பல் ஃபாயில் ஓட்டை வழியாக உள்ளே போகிறது. 2017 அக்டோபரிலிருந்து இங்கே புகையிலைக்கு 100 சதவீதம் கலால் வரி, ஒரு தலை, அதாவது ஒரு கிண்ணம், புகையிலை வீணானால் வயிறு எரிகிறது.

கூட உட்கார்ந்திருந்த நண்பனுக்குத் தலைவலி வந்துவிட்டது. எந்தக் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும், ஷீஷாக் குடுவையில் இருக்கும் தண்ணீர் அதைத் தடுக்காது. நல்ல கரியானாலும் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள்.

பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்பதுதான் கடைசிப் பதில். பில் இருந்ததால் நுகர்வோர் பாதுகாப்பில் புகார் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

வாங்கும்போது இரண்டு கட்டிகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நன்றாக அழுத்திச் செய்தது ணங்கென்று ஒலிக்கும், மட்டமானது தட்டும்போதே ஓரம் உதிரும். 25 மில்லிமீட்டர் கட்டி என்றால் கிலோவுக்குச் சுமார் 72 நிற்கும், என் பெட்டியில் அதுவும் குறைவு. முடிந்தால் ஒரே ஒரு கட்டியைக் கடையிலேயே பற்ற வைத்துக் காட்டச் சொல்லுங்கள், சரக்கில் நம்பிக்கை இருக்கிறவன் மறுக்க மாட்டான். மிச்சக் கரியை பார்பிக்யூவுக்குக் கொடு என்று ரூம்மேட் கேட்கிறார். அந்த மருந்துப் புகையில் சுட்ட கோழியை யார் தின்பது, குப்பைக்குத்தான் போகப் போகிறது.