'சீல் பிரிக்காத மினி டி.வி. (MiniDV) கேசட்' வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

பழைய ஹேண்டிகேமைத் தூசி தட்டி எடுத்து, அதில் போட மினி டி.வி. என்னும் சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் 'புதிது, சீல் பிரிக்காதது' என்று விற்கப்படுவதெல்லாம் புதிது இல்லை. எனக்கு வந்த ஐந்து கேசட்டில் மூன்று, ஏற்கெனவே யாரோ ஓட்டித் தேய்த்தவை. நான்காவதன் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

அக்கா மகனுக்கு இந்தப் பழைய கேமரா மோகம். போனில் எடுத்தால் எல்லாம் பளிச்சென்று ஒரே மாதிரி இருக்கிறதாம், டேப்பில் எடுத்தால்தான் 'அந்தக் கால லுக்' வருகிறதாம். சரி, ஆசைப்படுகிறான். பெரியப்பாவுக்கு எழுபது, திருக்கடையூரில் பீமரத சாந்தி. அதை டேப்பில் எடுக்கிறேன் என்றான். கேசட் இப்போது கடையில் தொங்குகிற பொருள் இல்லை. கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு. இணையத்தில் ஒருவர் ஒன்று 700 ரூபாய் என்று போட்டிருந்தார். போனில் பேசியபோது, "கடையை மூடினவங்ககிட்ட மொத்தமா எடுத்த ஸ்டாக் சார், பிரிக்கவே இல்லை" என்றார். பார்சலும் அப்படித்தான் வந்தது. கண்ணாடிக் காகிதம் மொடமொடவென்று சுற்றியிருந்தது.

விழாவன்று முதல் பத்து நிமிடம் நன்றாகவே பதிவாகியிருந்தது. கலச நீர் ஊற்றும் இடத்தில் ஆரம்பித்தது வினை. பெரியம்மாவின் முகத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள். மந்திரம் விட்டுவிட்டுக் கேட்கிறது. அப்புறம் படம் முழுக்கக் குறுக்குப் பட்டைகள்: ஒரு பட்டையில் படம் நகர்கிறது, அடுத்த பட்டையில் பழைய படம் அப்படியே உறைந்து நிற்கிறது. இரவு லாட்ஜில் போட்டுப் பார்க்கும்போது, எங்கள் பதிவு முடிந்து ஒரு நொடி நீலத் திரை வந்தது. அதன்பின் ஒரு குழந்தை கேக் வெட்டுகிறது.

"மாமா, இது புது டேப்தானே? யாரோட பர்த்டே இது?"

ரிமோட்டில் 'டேட்டா கோட்' என்று ஒரு பொத்தான் உண்டு. படத்தோடு சேர்ந்து, எடுத்த தேதியும் நேரமும் டேப்பிலேயே பதிவாகியிருக்கும். அதை அழுத்தினால் திரையில் வரும். அழுத்தினேன். 2008 என்று காட்டியது.

இதில் என் கோபம் எதன் மேல் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டேப்பை மறுபடி பயன்படுத்துவது ஒன்றும் பாவம் இல்லை. நானே அப்படி எடுப்பவன்தான். டிஜிட்டல் பதிவு என்பதால், மேலே புதிதாகப் பதிந்தால் பழைய படத்தின் நிழல் அடியில் தெரியாது. டேப் நன்றாக இருக்கும்வரை இரண்டாவது பதிவும் முதல் பதிவின் தரத்திலேயே இருக்கும். தேய்வது படம் இல்லை, டேப்.

ஏன் தேய்கிறது? இந்த டேப்பின் அகலமே 6.35 மி.மீ. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்த பூச்சுதான் அதில் இருப்பது. கேமராவுக்குள் ஒரு சின்ன உருளை நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழன்று, அதிலுள்ள இரண்டு ஹெட்கள் (பதியும் முனைகள்) டேப்பை உரசியபடியே எழுதுகின்றன. நம் ஊர் டி.வி. முறையான 'பால்' (PAL) முறையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 12 கோடுகள். ஒவ்வொரு கோடும் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அகலம். தலைமுடியே இதைவிடப் பல மடங்கு தடிமன். நேரம் கூடக் கிடைக்குமே என்று டேப்பை மெதுவாக ஓட்டும் 'எல்.பி.'யில் (லாங் ப்ளே) வைத்தால் கோடு 6.7 மைக்ரானாகச் சுருங்கும். இந்த அளவில் ஒரு கீறல், ஒரு துகள் போதும், தகவல் போய்விடும். சின்னச் சின்ன இழப்பைக் கேமராவே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். அதனால்தான் முதல் சில தடவை நமக்கு எதுவும் தெரிவதில்லை. சமாளிக்க முடியாத அளவு வந்ததும் திடீரென்று கட்டம் கட்டமாக உடைகிறது. பழைய வி.எச்.எஸ். மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி எச்சரிக்கை தராது.

பூச்சு உதிர்ந்து இரண்டு ஹெட்களில் ஒன்றில் அப்பினால் வருவதுதான் நான் சொன்ன குறுக்குப் பட்டை. ஆக, கெட்ட டேப் தன்னோடு நிற்பதில்லை. கேமராவையும் சேர்த்துப் படுக்கவைக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் ஹெட்டைச் சுத்தம் செய்து கொடுத்தபின், 2005-இல் அக்கா எடுத்த ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை பதிந்து, பீரோவில் ஈரம் படாமல் இருந்தது. ஒரு கட்டம்கூட உடையாமல் ஓடியது.

எத்தனை தடவை பதியலாம் என்று கேட்பார்கள். அதை யாரும் அட்டையில் அச்சடித்துத் தருவதில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும், 'பாஸ்' (pause) போட்டு நிறுத்தி வைப்பதும்தான் டேப்பை அதிகம் தின்னும். அங்கே உருளை ஒரே இடத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் இழுத்து மாட்டுவதால் ஆரம்பப் பகுதி சீக்கிரம் போகும். நான் வீட்டுக் கூத்துகளுக்குப் பழையதைப் போடுவேன். திரும்ப நடக்காத விழாவுக்குப் போடமாட்டேன். அதற்காகத்தான் 3,500 ரூபாய் கொடுத்துப் 'புதிது' வாங்கினேன். அங்கேதான் விற்றவர் கைவைத்துவிட்டார்.

உறையை நம்பாதீர்கள். கண்ணாடிக் காகிதம் சுற்றிச் சூடு காட்ட எந்தப் பேக்கிங் கடையிலும் முடியும். நிறுவனத்தின் உறையில் பெரும்பாலும் கிழிப்பதற்கென்று ஒரு மெல்லிய பட்டை ஓடும். எனக்கு வந்ததில் ஓரத்தில் உருகி ஒட்டிய தழும்புதான் இருந்தது. டப்பாவைத் திறந்தால் பெயர் எழுதி ஒட்டும் ஸ்டிக்கர் தாள் உள்ளே முழுசாக இருக்கவேண்டும். இரண்டு டப்பாவில் அது இல்லை. ஒரு கேசட்டின் முதுகைத் தடவினால் ஸ்டிக்கரை உரித்த பசை விரலில் பிசுபிசுத்தது. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். விளிம்பு சமமாக இல்லாமல் படி படியாகத் தெரிந்தால் ஓடிய டேப். வெள்ளைப் புள்ளியோ பொடியோ தெரிந்தால் பூஞ்சை. அதைக் கேமராவில் போடவே போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், விழாவுக்கு முன்பே ஆரம்பம், நடு, கடைசி என்று அங்கங்கே ஓட்டிப் பாருங்கள். எதுவும் பதியாத டேப்பில் நேரக்குறி (திரையின் ஓரத்தில் ஓடும் மணி, நிமிட, நொடிக் கணக்கு) ஓடாது. திரை கறுப்பாக இருந்து நேரக்குறி மட்டும் ஓடுகிறதென்றால், யாரோ லென்ஸ் மூடியைப் போட்டுப் பதிந்து பழையதை மறைத்திருக்கிறார்கள்.

அந்த மறைக்கிற வேலையைக்கூட எனக்கு விற்றவர் செய்யவில்லை. ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள், பாட்டி, ஹால், காலண்டர் எல்லாம் முன்பின் தெரியாத என் கையில். உங்கள் கேசட்டைப் பழைய பொருள்காரரிடம் போடும் முன் லென்ஸ் மூடியோடு ஒரு தடவை முழுசாகப் பதிந்துவிடுங்கள்.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில் "உங்க கேமரா ஹெட் போயிருக்கும் சார்" என்றார். 2008 தேதி தெரியும் படத்தை அனுப்பியதும், "பழைய ஸ்டாக்னா பழைய தேதிதான் சார் காட்டும்" என்றார்! பதிந்தால்தானே ஐயா தேதி வரும். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. இதே மாதிரி வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் பார்சல் உறை, பில், தேதி தெரியும் படம் மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு நீங்களும் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.