கவனம் காக்கும் கருவிகள்: நீண்ட காலப் பயன்பாட்டில் எது தாக்குப்பிடிக்கிறது?

கவனச் சிதறலுக்கு மருந்து என்று சொல்லப்படும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. முதல் வாரம் பிரமாதமாக வேலை செய்யும். டைமர், தளத் தடுப்பான், கறுப்பு வெள்ளைத் திரை, இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன், எதை எடுத்தாலும் இதே நிலைதான். புதுப்பொருள் என்பதாலேயே சில நாள் ஒழுங்காக இருப்போம். அதனால் முதல் வாரத்தில் எழுதப்படும் மதிப்பீடுகளை நம்ப வேண்டியதில்லை. மாதக்கணக்கில் புழங்கிய பிறகு எது மேசையில் மிஞ்சுகிறது, மற்றவை எந்த இடத்தில் உடைகின்றன என்பதுதான் இங்கே பேச்சு.

எடைபோட ஒரே அளவுகோல் போதும். படித்துக்கொண்டிருக்கும்போது கை தானாக ஃபோனை நோக்கிப் போகிறதே, அந்த இரண்டு மூன்று நொடியில் கருவி என்ன செய்கிறது? அந்த நேரத்தில் நம் மன உறுதியைக் கேட்கும் கருவி சீக்கிரமே பரணுக்குப் போகும். தப்பித்துப் போகும் வழியைத் தாமதமாக்கும் கருவி நிலைத்துவிடும்.

துண்டுச் சீட்டு

எல்லாவற்றிலும் அதிக நாள் உழைப்பது இதுதான். உள்ளங்கை அளவுக் காகிதம் ஒன்று, ஒரு பென்சில். வேலை நடுவே 'கரண்ட் பில் கட்டினோமா', 'அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லையே', 'அந்த நடிகர் பெயர் என்ன' என்று எழும் எதையும் நான்கைந்து சொற்களில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். குறுக்கீடு என்றதும் ஃபோன் மணியும் கதவுத் தட்டலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கணிசமான பங்கு நம் மண்டைக்குள்ளிருந்தே வருகிறது. அதற்கு எந்தச் செயலியும் தடை போட முடியாது.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. முடியாமல் நிற்கும் வேலைகள் நினைவில் அதிகம் தங்குகின்றன என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார். அந்த முடிவு பின்னாளைய சோதனைகளில் எப்போதும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் 2011இல் மாசிகாம்போவும் பௌமெய்ஸ்டரும் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படுகிறது. நிறைவேறாத காரியங்கள் படிக்கும்போது இடையிடையே தலைகாட்டின. அதே காரியத்துக்கு எப்போது, எப்படி என்று ஒரு திட்டம் எழுதிக்கொண்டவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. காரியத்தை முடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

எழுதும் விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'வங்கி' என்று ஒற்றைச் சொல் எழுதினால் பத்து நிமிடத்தில் அதே நினைப்பு மறுபடி வரும். 'வங்கிக்கு 4 மணிக்கு ஃபோன், முகவரி மாற்ற' என்று எழுதினால் வராது. வினையும் நேரமும் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு சீட்டு. நாள் முடிவில் அதைக் காலிசெய்ய வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிவதை அப்போதே முடிப்பது, தேதி உள்ளதை நாட்காட்டிக்கு மாற்றுவது, மிச்சத்தை அடித்துவிடுவது. பாதிக்கு மேல் அடித்தலில் போய்விடும், அந்த நடிகர் பெயர் உட்பட. காலிசெய்யாத சீட்டுகள் மூன்று நான்கு சேர்ந்தால், எழுதி வைத்தாலும் பார்க்கப்போவதில்லை என்று மனசுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் எழுதிப் பயனில்லை. ஃபோனில் உள்ள குறிப்புச் செயலியில் எழுதலாமே என்று தோன்றும். அந்தச் செயலியைத் திறக்கப் போகும் வழியில்தான் எல்லா விபத்தும் நடக்கிறது.

இதே சீட்டுக்கு இரண்டாவது வேலையும் உண்டு. யாராவது கூப்பிட்டால் எழுந்திருக்கும் முன் 'அடுத்து: மூன்றாம் பத்தியில் எண்களைச் சரிபார்க்க' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். திரும்பி வந்து எங்கே தொடங்குவது என்பதை இப்படி எழுதிவைப்பது அந்த ஒட்டுதலைக் குறைக்கிறது என்பது அவருடைய பிந்தைய ஆய்வில் வந்தது. எழுத பத்து நொடி ஆகும். திரும்பி வந்து 'எங்கே விட்டோம்' என்று தேடும் நேரம் அதைவிடப் பல மடங்கு.

டைமர்

பொமோடோரோ முறை 1980களின் இறுதியில் இத்தாலியரான ஃப்ரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கியது. தக்காளி வடிவச் சமையலறை டைமர், 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிட ஓய்வு. இவ்வளவு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பலரும் விட்டுவிடுவது அதிலுள்ள கணக்கு வைக்கும் பகுதியை: உள்ளிருந்து வரும் குறுக்கீட்டுக்கு ஓர் ஒற்றை மேற்கோள் குறி ('), வெளியிலிருந்து வந்தால் ஒரு கோடு. சில நாள் குறித்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரிந்துவிடும். மேற்கோள் குறிகள் நிறைந்திருந்தால் ஹெட்ஃபோன் வாங்கிப் பயனில்லை.

25 என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது வீண். நிரல் எழுதுவது, நீண்ட கட்டுரை எழுதுவது போன்றவற்றில் முழுச் சித்திரமும் தலைக்குள் ஏறவே கால் மணி நேரம் போகும். ஏறி முடித்ததும் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அவற்றுக்கு 50 நிமிடமும் 10 நிமிட ஓய்வும் ஒத்துவருகின்றன. தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் வெறுப்பான வேலைக்கு 10 நிமிடமே போதும். தொடங்கவைப்பதுதான் அங்கே டைமரின் பணி. குறுக்கீடு வந்தால் அந்தச் சுற்று செல்லாது என்பது மூல விதி. ஆட்கள் நடமாடும் இடத்தில் இந்த விதியைப் பின்பற்றினால் நாள் முழுக்கச் செல்லாத சுற்றுகளே இருக்கும், வாரத்துக்குள் முறையே கைவிடப்படும். ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்வது நடைமுறைக்கு ஏற்றது.

பெரும்பாலோர் தோற்கும் இடம் ஓய்வு நேரம். ஐந்து நிமிடத்தில் ஃபோனை எடுத்தால் அது இருபதாகும். திரும்பி வரும்போது மனம் வேறெங்கோ இருக்கும். எழுந்து நிற்பது, தண்ணீர் குடிப்பது, ஜன்னல் வழியாக ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது பார்ப்பது, இவ்வளவுதான் அந்த ஐந்து நிமிடத்தின் கொள்ளளவு.

பொருளாகப் பார்த்தால், முறுக்கிவிடும் வகையில் டிக் டிக் சத்தம் சிலருக்குத் துணை, பலருக்குத் தொல்லை. பல மாடல்களில் குறைந்த நிமிடத்துக்கு வைக்கும்போது முதலில் தாண்டித் திருகி, பிறகு பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் போதுமான அளவு ஏறாமல் மணி அடிக்காது. 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப்போடப்படும் டைமர்களில் சில உண்மையில் இப்படித் திருகப்படாதவை. மிச்ச நேரத்தை வண்ண வட்டமாகக் காட்டும் பேட்டரி டைமர் சத்தமில்லாதது, ஓரப்பார்வையிலேயே புரியும்; நீண்ட நாளைக்கு அதுதான் நல்லது. ஃபோனிலுள்ள டைமர் வேண்டாம். காரணம் மேலே சொன்னதேதான்.

ஃபோன்

2017இல் வந்த ஓர் ஆய்வு, ஃபோன் மேசையில் சும்மா இருந்தாலே சோதனைகளில் திறன் குறைவதாகவும், வேறு அறையில் இருந்தால் அப்படியில்லை என்றும் சொன்னது. பின்னர் செய்தவர்கள் சிலருக்கு அதே முடிவு வரவில்லை. அந்த விவாதம் எப்படிப் போனாலும், எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டிய தூரத்தில் இருக்கும் ஃபோனைக் கை தானாக எடுக்க முடியாது. வேறு அறை, இல்லையென்றால் மூடிய அலமாரி. மேசை இழுப்பறை போதாது. ஒலி வந்தும் எடுத்துப் பார்க்காமல் இருந்தால்கூடக் கவனச் சோதனையில் தவறுகள் கூடுகின்றன என்று 2015இல் ஸ்டோதார்ட்டும் சகாக்களும் கண்டார்கள். எனவே அதிர்வு நிலையும் தீர்வாகாது.

அவசர அழைப்பு தவறிவிடுமோ என்ற பயம்தான் ஃபோனை மேசையிலேயே வைத்திருக்கிறது. தொந்தரவு செய்யாதே நிலையில், குறிப்பிட்ட சிலரின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். யாராக இருந்தாலும் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும்படி ஓர் அமைப்பும் உண்டு: ஐஃபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் மணி அடிக்கும். இதை வீட்டாரிடம் சொல்லிவைத்தால் ஃபோனை அடுத்த அறையில் விட மனம் ஒப்பும்.

ஃபோன் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் உத்திக்கு ஆயுள் குறைவு. படம் பார்க்க, வரைபடம் பார்க்க என்று நிறத்தைத் திருப்பினால் திரும்பியதுதான். செயலிகளுக்கான நேர வரம்பும் தனியாக நிற்பதில்லை: ஐஃபோனில் 'இன்னும் பதினைந்து நிமிடம்' என்ற தெரிவு அங்கேயே காத்திருக்கிறது. கடவுச்சொல்லை வேறொருவர் வைத்துக்கொண்டால் மட்டும் அதற்குப் பல் முளைக்கிறது.

கணினியில் தடுப்பான்

உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு நிரல்களான நீட்சிகளில் லீச்பிளாக் இலவசம், நுணுக்கமானது. நேரடித் தடையைவிட அதிலுள்ள தாமதப் பக்கம்தான் அதிக நாள் ஓடுகிறது. தளத்தைத் திறந்தால் எண் கீழிறங்கும். முப்பது நொடி காத்திருந்தால் உள்ளே விடும். பழக்கத்தால் தட்டச்சு செய்த முகவரி என்றால் பத்தாவது நொடியில் மூடிவிடுவோம். உண்மையாகவே தேவை என்றால் காத்திருப்போம். முழுத்தடை வைத்தால் என்றாவது ஒருநாள் வேலைக்கே அந்தத் தளம் தேவைப்படும். அன்றைக்கு நீட்சியை நீக்குவோம், மறுபடி நிறுவ மாட்டோம். அமைப்புகளை மாற்ற நீளமான குறியீடு ஒன்றைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் வசதியும் இருக்கிறது. அதை இயக்கிவைப்பது நல்லது. ஓட்டைகள் இரண்டு: தனிப்பட்ட (இன்காக்னிட்டோ) சாளரத்தில் நாமே அனுமதிக்காவிட்டால் நீட்சி இயங்காது, இன்னொரு உலாவி கணினியில் இருந்தால் அதுவும் திறந்த வாசல்.

இவையெல்லாம் போதாதவர்களுக்கு மேக்கில் செல்ஃப்கன்ட்ரோல் உண்டு. தொடங்கிவிட்டால் கணினியை அணைத்துப் போட்டாலும், செயலியையே நீக்கினாலும், நேரம் முடியும்வரை தடை நிற்கும். முதலில் அரை மணி நேரத்துக்கு வைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். விண்டோஸில் கோல்ட் டர்க்கி இதற்கு இணை.

சத்தம்

இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோனைப் பற்றிய ஏமாற்றம் பெரும்பாலும் எதிர்பார்ப்பில் உள்ள கோளாறு. மின்விசிறி, ஏசி, வண்டி உறுமல் போன்ற தாழ்ந்த, சீரான ஒலியை அது நன்றாக அமுக்கும்; சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த சுருதி ஒலிகளில் அந்த மின்னணு வித்தை அதிகம் எடுபடாது. படிப்பவருக்கு உண்மையான எதிரி பேச்சுச் சத்தம். சுற்றிலும் உறுமல் அடங்கியதும் பக்கத்து அறைப் பேச்சு இன்னும் தெளிவாகவே கேட்கும். அதற்கு நுரை காதடைப்பான் மேல். ஆனால் சரியாகப் போட வேண்டும்: விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே செலுத்தி, விரிந்து அடைக்கும்வரை இருபது முப்பது நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். வாசலிலேயே துருத்திக்கொண்டு நின்றால் பொதியில் எழுதிய ஒலிக் குறைப்பில் பாதிகூடக் கிடைக்காது. அழுத்தினால் மெதுவாக விரியாத நுரையை மாற்றிவிட வேண்டும். அதன்மேல் ஹெட்ஃபோனில் மழை ஒலியோ பிரவுன் நாய்ஸ் எனப்படும் தாழ்ந்த, சீரான இரைச்சலோ குறைந்த அளவில் ஓடவிட்டால் மிச்சப் பேச்சும் மங்கிவிடும். புரியும் மொழிப் பாட்டு வேண்டாம். படிக்கும் சொற்களோடு அதுவும் சேர்ந்து மனதுக்குள் ஒலிக்கும்.

ஹெட்ஃபோனின் காது மெத்தை செயற்கைத் தோல் என்றால் சில ஆண்டுகளில் உரியும். மெத்தை காதைச் சரியாக மூடாவிட்டால் இரைச்சல் நீக்கமும் சரியும். புது ஹெட்ஃபோன் தேடுமுன் மெத்தையை மாற்றிப் பாருங்கள்.

கண் ஓடி மனம் ஓடாதபோது

படிப்பில் மட்டும் வேறொரு தொல்லை உண்டு. வெளியே எந்தக் குறுக்கீடும் இல்லை, கண் இரண்டு பக்கம் தாண்டிவிட்டது, ஒன்றும் ஏறவில்லை. இதைக் கவனச் சிதறல் என்று எண்ணித் தடுப்பான்களைக் கூட்டுவார்கள். பல நேரம் காரணம் பாடத்திலேயே இருக்கும்: முந்தைய பத்தியில் ஒரு சொல்லோ கருத்தோ புரியாமல் தாண்டியிருப்போம், அங்கிருந்து மனம் கழன்றுகொண்டிருக்கும். கடைசியாகத் தெளிவாகப் புரிந்த வரிக்குத் திரும்பிப்போய் அதற்கடுத்த வரியில் இடறலைத் தேட வேண்டும். கடினமான நூலுக்கு நிமிடக் கணக்கு சரிவராது. பக்கக் கணக்கு சரிவரும். ஒரு பக்கம், புத்தகத்தை மூடு, பார்க்காமல் ஒரு வரி எழுது. எழுத வரவில்லை என்றால் அந்தப் பக்கம் படிக்கப்படவில்லை. பென்சில் முனையை வரிக்கடியில் நகர்த்திக்கொண்டே போவது குழந்தைத்தனமாகத் தோன்றலாம். களைத்த கண்ணுக்கு வரி மாறிப்போகாமல் இருக்க அது உதவும். இணையப் பக்கமென்றால் உலாவியின் வாசிப்பு நிலையைப் போட்டு எழுத்தைப் பெரிதாக்குவது, ஓரத்தில் அசையும் படங்களை ஒழித்துவிடும்.

இத்தனையும் வைத்தும் மாதக்கணக்கில் எதுவும் மாறவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் மேசை இல்லை. தூக்கக் குறைவு, குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து, இவை ஒவ்வொன்றும் கவனக் குறைவாகவே வெளியே தெரியும். ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்று சந்தேகம் வந்தால் ஒன்று தெரிந்துகொள்ளலாம்: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தற்போதைய வரையறைப்படி அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் மருத்துவரிடம் போகும்போது பழைய பள்ளி ரிப்போர்ட் அட்டைகள் இருந்தால் எடுத்துப் போவதும், சிறுவயதில் உங்களைப் பார்த்த ஒருவரை உடன் அழைத்துப் போவதும் அவருக்குப் பெரிய உதவி.