பேரிடர் மீட்புப் பயிற்சி: போங்கள், ஆனால் பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள்

பேரிடர் நேரத்தில் மீட்புக் குழு வந்து சேரும் வரை அக்கம்பக்கத்தாரே என்ன செய்யலாம் என்று சொல்லித்தரும் தன்னார்வலர் பயிற்சிக்குப் போய் வந்தேன். கையால் செய்து பழகும் பகுதி பிரமாதம். வகுப்பறைப் பகுதி சுமார். பயிற்சி முடிந்த பிறகு நடந்தவை, இல்லை, நடக்காதவை, ஏமாற்றம்.

நான் தையல் தொழில் செய்பவள். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். அப்பாவால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. தீயோ நிலநடுக்கமோ வந்தால் அவரை எப்படிக் கீழே இறக்குவது என்ற கவலைதான் என்னை அங்கே கொண்டுபோனது. அதனால் அந்தக் கண்ணோடுதான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பயிற்சியாளர் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்பில் மெக்சிகோ சிட்டி கதையைச் சொன்னார். 1985 நிலநடுக்கத்தில் எந்தப் பயிற்சியும் இல்லாத பொதுமக்கள் இடிபாடுகளுக்குள் இறங்கி 800-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு மீட்டார்கள். அப்படி இறங்கியவர்களில் சுமார் 100 பேர் செத்தும் போனார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சியைத் தொடங்கியது. 1993-இல் அது அமெரிக்கா முழுவதற்கும் போனது. ஜப்பானின் கோபே நகரில் 1995 ஜனவரியில் நடந்ததும் அதேதான்: இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களை வெளியே எடுத்தது குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

அந்த 100 பேர் என் மனதை விட்டுப் போகவே இல்லை. பாடத்தில் பாதி, யாரையும் காப்பாற்றுவதற்கு முன்னால் நாம் சாகாமல் இருப்பது எப்படி என்பதுதான். கட்டடம் சாய்ந்திருந்தால் உள்ளே போகாதே. தனியாகப் போகாதே. எரிவாயு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதே. குப்பைக் கூடை அளவைத் தாண்டிய தீயோடு கையில் பிடிக்கும் தீயணைப்பானை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்காதே, வெளியே ஓடு. கூட வந்தவர்களில் சிலருக்கு இது சலிப்பாக இருந்தது. எனக்கு இதுதான் பயிற்சியின் முதுகெலும்பு.

அப்புறம் வந்தது முட்டுக் கொடுக்கும் பயிற்சி. இந்த ஒன்றுக்காகவே போகலாம். மைதானத்தில் ஒரு கான்கிரீட் பலகை, அதன் அடியில் மனித உருவ பொம்மை. கடப்பாரையால் நெம்ப ஒருவர், மரக்கட்டையை உள்ளே தள்ள ஒருவர், அடியில் கிடப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க ஒருவர், எல்லோருக்கும் உத்தரவு சொல்ல ஒருவர். ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலத்துக்குக் கட்டை போக வேண்டும். கட்டைகளை இரண்டு இரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும், கடப்பாரை நழுவினாலும் பலகை கட்டைமேல் உட்காரும். கட்டையைத் தள்ளும்போது விரல் பலகைக்கு அடியில் போகவே கூடாது, இன்னொரு கட்டையால்தான் தள்ள வேண்டும். ஒருவர் அவசரத்தில் கையை நீட்டியதும் பயிற்சியாளர் விசில் ஊதி, எல்லாக் கட்டையையும் உருவச் சொல்லி, முதலிலிருந்து செய்ய வைத்தார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

அங்கேயே இன்னொன்றும் சொன்னார். பாரத்தின் அடியில் மணிக்கணக்கில் கால் நசுங்கிக் கிடந்தவரை சட்டென்று விடுவித்தால், நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் மற்ற கழிவுகளும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்கும். அதுவரை பேசிக்கொண்டிருந்தவருக்கு இதயம் நின்றுபோகலாம். அதனால் எவ்வளவு நேரமாகச் சிக்கியிருக்கிறார் என்று கேட்டுக் குறித்து வைத்து, மருத்துவக் குழுவிடம் முதல் தகவலாகச் சொல்ல வேண்டும். தூக்கி எடுத்தால் போதும் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

ரத்தப்போக்கை நிறுத்தும் வகுப்பில் என் தொழில் கை கொடுத்தது. முதல் வேலை காயத்தின் மேலேயே அழுத்திப் பிடிப்பது. கை காலில் அதற்கும் அடங்காமல் பீறிட்டால்தான் இறுக்குப் பட்டை. காயத்துக்கு மேலே, உடம்பின் பக்கமாக 5 முதல் 8 சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் படாமல் சுற்றி, குச்சியைக் கொடுத்து முறுக்கி, ரத்தம் நின்றதும் குச்சியைக் கட்டி, நேரத்தை எழுதிவைக்க வேண்டும். பாவம் வலிக்கிறதே என்று இடையில் தளர்த்தக் கூடாது. தயாராக விற்கும் பட்டைதான் நம்பகமானது, துணி என்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். மெல்லிய கயிறு சதையை அறுக்கும், நான்கு விரற்கடை அகலமாவது வேண்டும். கொடுத்த துணிகளில் சில கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியவை. இழுத்தால் இழுபடும், எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. நேர் இழையில் கிழித்தது மட்டும்தான் நின்றது. பயிற்சியாளரிடம் காட்டினேன். எல்லோரையும் கூப்பிட்டு இரண்டையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

யாரை முதலில் கவனிப்பது என்று காயமடைந்தவர்களுக்கு நிற அட்டை கட்டிப் பிரிக்கும் பாடம் அவசரமாக முடிந்துவிட்டது. நடக்க முடிந்தவருக்குப் பச்சை. நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு, அதாவது உடனே கவனிக்க வேண்டியவர். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பாவிட்டாலும், "என் கையை அழுத்துங்கள்" என்றால் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. இதில் எதுவும் இல்லை, ஆனால் நடக்க முடியவில்லை என்றால் மஞ்சள். மூச்சுப் பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. விதி எளிதுதான். ஆனால் கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்வது? அங்கே படுத்திருந்தது ஒரு கல்லூரி மாணவி, நடிப்புதான். அப்படியும் என் பக்கத்தில் இருந்த அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். இதைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். மீட்கப் போனவர்களின் மனம் பிறகு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை வரவில்லை. பெரிய குறை இது.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி. அந்த வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே பொம்மை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டர் ஆழம் என்று பலகையில் எழுதிப்போட்டால் கைக்கு வந்துவிடாது. ஆளுக்கு ஒரு சுற்றுதான் கிடைத்தது, இது போதவே போதாது. தீயணைப்பான் பயிற்சி நன்றாக இருந்தது: பின்னை இழு, தீயின் அடியைக் குறிபார், அழுத்து, இடமும் வலமுமாக வீசு.

கடைசியில் ஒரு பை கொடுத்தார்கள். ஹெல்மெட் தரமானது, டார்ச்சும் பரவாயில்லை. கையுறை வெறும் நூல் கையுறை, உடைந்த கண்ணாடிக்கு முன்னால் நிற்காது. மேல்சட்டை எல்லோருக்கும் ஒரே அளவு. எனக்குத் தொங்கியது, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மாட்டினால் ஆபத்து. அதைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். பையின் தோள்பட்டை ஒற்றைத் தையல், பாரம் ஏற்றினால் பிரியும். சதுரமாகவும் நடுவே பெருக்கல் குறியாகவும் தைத்துக் கொடுத்தேன், கூட வந்தவர்களுக்கும் சேர்த்து. பையில் விசில் இல்லை. நாம் சிக்கிக்கொண்டால் கத்திக் கத்தித் தொண்டை போகும், விசில் போகாது. கட்டாயம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கொடுத்ததோடு தொடர்பு அறுந்துவிட்டது. மறுபயிற்சி எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. சி.பி.ஆர். போன்றவை பழகாமல் விட்டால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1972-இல் புயல் முன்னெச்சரிக்கைத் தன்னார்வலர் திட்டம் தொடங்கியது. இன்று 70,000-க்கும் மேற்பட்டவர்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். ஊர் ஊராகக் கொடியேற்றி, ஒலிபெருக்கியில் சொல்லி, ஒத்திகையும் நடத்துகிறார்கள். ஒருமுறை வகுப்பு எடுத்துவிட்டு விட்டிருந்தால் அந்த அமைப்பு இத்தனை காலம் நின்றிருக்காது.

எங்களுக்கு யாரும் மறுபயிற்சி தரவில்லை என்பதால் நாங்களே செய்கிறோம். அது முடிவதற்குக் காரணம் எதிர்வீட்டு அக்காவும் கீழ்வீட்டுத் தம்பியும் என்னோடு பயிற்சிக்கு வந்ததுதான். நெம்ப ஒருவர், கட்டை தள்ள ஒருவர், சி.பி.ஆரில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள ஒருவர் என்று எல்லாமே கூட்டு வேலை. வேறு வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக வந்தவர்கள் சான்றிதழோடு தனித்தனியாகத் திரும்பிப் போனதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அப்பாவை உறுதியான நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையால் கட்டி, முதுகுப்பக்கம் ஒருவரும் முன்கால்களில் ஒருவருமாகப் பிடித்துப் படியிறக்கிப் பார்த்தோம். திருப்பத்தில் மூன்றாவது ஆள் வழி சொல்லாமல் முடியாது. அது இப்போது எங்கள் மூவருக்கும் தெரியும்.

பெயர் கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: சி.பி.ஆர். பொம்மை எத்தனை, மறுபயிற்சி உண்டா, பயிற்சி பெற்றவர்களின் பட்டியல் தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறதா. மூட்டுவலி, முதுகுவலி இருக்கிறவர்களும் போகலாம். யார் எந்தக் கட்டடத்துக்குள் போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள், எங்கே எத்தனை பேர் காயம் என்று வெளியே நின்று பதிவேடு எழுத ஓர் ஆள் இல்லாமல் உள்ளே யாரும் போகக் கூடாது என்பது அங்கே சொல்லித்தந்த விதி. அடுத்த அணியில் அந்த வேலைக்கு இரண்டாவது மாடிப் பெரியம்மா பெயர் கொடுத்திருக்கிறார்.